ஆபீஸும் அழுக்குத் துணியும்

எங்கள் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. நீளம் 8 அடி, அகலம் 6 அடி. வீட்டை விற்றவர்கள் கொடுத்த வரைபடத்தில் அதற்கு 'யூடிலிட்டி' என்று பெயர் போட்டிருந்தது. நான் அதை 'ஆபீஸ்' என்கிறேன். என் மனைவி 'துவைக்கிற அறை' என்கிறாள். என் தாயாருக்கு அது இன்னும் 'கொல்லைப்புறம்'தான். மூன்றாவது மாடியில் கொல்லைப்புறம் எப்படி இருக்க முடியும் என்று நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்துவிட்டேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மட்டும் எந்தப் பெயரும் சொல்வதில்லை. "அப்பா எங்கே?" என்று யாராவது கேட்டால், "மெஷினுக்குப் பக்கத்தில்" என்று பதில் சொல்லிவிடுவாள்.

நாங்கள் குடியிருப்பது ஒரகடத்தில். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் அது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் வருஷத்தில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸ்ஸான், 2012-ல் டெய்ம்லர் லாரிகள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இந்த ஆலைகளின் மதில்களுக்குள்ளே புதிய கார்கள் வரிசை வரிசையாக, காற்றாட, வெயில் காய நிற்கும் அழகைப் பஸ்ஸிலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். காருக்குக் கிடைத்த இடம் மனிதனுக்குக் கிடைக்கவில்லையே! வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்குவதற்கென்று கட்டிய பிரம்மாண்டமான விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்ததும், "இத்தனை பேர் துணியையும் எங்கே உலர்த்துவார்கள்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "பரவாயில்லை, உங்களுக்கும் அந்தக் கவலை வந்துவிட்டது" என்றாள் என் மனைவி. அந்தக் கவலை எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மோட்டார் உறுப்புகள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குக் கணக்குப் பிரிவில் உத்தியோகம். 2020 மார்ச்சில் தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தபோது, கணக்குப்பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று. ஊரடங்கு போய்விட்டது, உத்தரவு அடியோடு போகவில்லை. வாரத்தில் ஆறு வேலை நாளில் நான்கு நாள் ஆலையிலும் இரண்டு நாள் வீட்டிலுமாக இன்று வரை நடந்து வருகிறது. வீட்டில் எங்கே உட்காருவது? கூடத்தில் தாயாரின் தொலைக்காட்சித் தொடர்கள். ஓர் அறையில் மகளின் பாடப் புத்தகங்கள். இன்னொன்றில் கட்டிலைத் தவிர வேறொன்றும் கொள்ளாது. எஞ்சியிருந்தது யூடிலிட்டிதான். அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார்: வாஷிங் மெஷின்.

துணி துவைக்கும் யந்திரங்களுக்கும் எங்கள் பக்கத்துக்கும் நெருங்கிய சம்பந்தமுண்டு. சுங்குவார்சத்திரத்துக்கருகே உள்ள சாம்சங் ஆலையில் குளிர்ப் பெட்டிகளோடு அவற்றையும் செய்கிறார்கள். 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கி 37 நாள், தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டுமென்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது அந்த ஆலையில்தான். எங்கள் வீட்டு யந்திரம் எந்த ஆலையில் பிறந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். பிறந்த இடத்தைச் சொன்னால் அதன் குணத்தையும் சொல்ல வேண்டி வரும்.

யந்திரத்தின் தலைமேல் ஒரு பலகையைப் போட்டு, அதையே மேஜையாக்கிவிடலாம் என்பது என் முதல் யோசனை. தச்சர் அளந்து பார்த்துச் சிரித்தார். யந்திரத்தின் உயரம் 85 சென்டிமீட்டர். உட்கார்ந்து எழுதும் மேஜை 75-க்கு மேல் போகக் கூடாது. அதோடு, முழங்காலை எங்கே வைத்துக்கொள்வது? யந்திரத்தின் வாய்க்குள்ளேயா? ஆகையால் மேஜை பக்கத்தில் வந்தது. 60 சென்டிமீட்டர் யந்திரத்துக்கு, 120 எனக்கு. மிச்சத்தில் அழுக்குக் கூடை. தலைக்கு மேலே கப்பி கட்டி ஏற்றி இறக்கும் நான்கு கொடிக் கம்பிகள்.

முதல் நாள் துணி சுழன்றபோது மேஜை ஆடிற்று. கம்ப்யூட்டர் ஆடிற்று. காணொளிக் கூட்டத்தில் என் முகமும் ஆடிற்று. "ஸார், ரயிலிலா இருக்கிறீர்கள்?" என்று கேட்டார் ஒருவர். யந்திரம் அதற்குள் ஒரு சாண் நகர்ந்து என் காலருகே வந்துவிட்டது. எல்லா யந்திரமும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நான் தத்துவம் பேசிக்கொண்டிருக்கையில், என் மனைவி அதனுடன் வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். பிறகு யந்திரத்தின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். லாரியில் வரும்போது உருளை ஆடாமலிருப்பதற்காக முடுக்கும் நான்கு திருகாணிகள் இருக்கின்றனவே, அவற்றைக் கழற்றாமலே பொருத்திவிட்டுப் போய்விட்டார் வந்த ஆள். ஸ்பானரை வாங்கி அவளே கழற்றினாள். குமிழி மட்டத்தை வைத்து நான்கு காலையும் சமன் செய்தாள். அதற்கப்புறம் ஆட்டம் பெரும்பாலும் நின்றது. இரைச்சல் மட்டும் குறையவில்லை.

எங்கே கற்றாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு அவள் ஓர் உதிரி பாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். மகள் பிறந்தபோது விட்டாள். பதினைந்து வருஷத்தில் அந்த விஷயமே எனக்கு மறந்து போயிருந்தது.

அந்த அறையில் உட்கார்ந்த பிறகு எனக்கு ஏற்பட்ட ஞானோதயங்களில் ஒன்றைச் சொல்லுகிறேன். ஆலைக்குப் போய் வந்துகொண்டிருந்த காலத்தில், துணியை யந்திரம் துவைக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தால் அல்லவா தெரிகிறது! துணியைப் பிரிக்க வேண்டும். என் சட்டைப் பையிலுள்ள ரசீதையும் பேனாவையும் எடுக்க வேண்டும். கழுத்துப் பட்டியில் சோப்பைத் தேய்த்து ஊற வைக்க வேண்டும். போட வேண்டும், எடுக்க வேண்டும், உதற வேண்டும், கொடியை இறக்கி உலர்த்தி ஏற்ற வேண்டும், காய்ந்ததைத் தொட்டுப் பார்த்துத் தனியே எடுக்க வேண்டும், மடிக்க வேண்டும், இஸ்திரிக்கு அனுப்ப வேண்டும், எண்ணி வாங்க வேண்டும். நான் கணக்குக்காரன் அல்லவா? ஒரு நாள் அவள் எத்தனை தடவை உள்ளே வருகிறாள் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். சாயங்காலம் எண்ணியபோது பதினேழு கோடுகள் இருந்தன. யந்திரம் செய்தது அவற்றுக்கு நடுவே ஒரு காரியம்.

இது எங்கள் வீட்டு விசேஷமல்ல. 2024-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். அந்த 88 நிமிஷத்தைப் படித்ததும், நம் தேசத்தில் யாரோ எனக்காகவும் சேர்த்து உழைக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற சரித்திராசிரியை 1983-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் இன்னொரு வேடிக்கையைச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் ஒரு காலத்தில் அழுக்குத் துணி சலவைக்காரர்களிடம் வெளியே போய்க்கொண்டிருந்ததாம். யந்திரம் வந்து, வெளியே போன வேலையை மறுபடியும் வீட்டுக்குள்ளே கொண்டுவந்து பெண்கள் தலையில் வைத்துவிட்டது என்கிறார். நான் பிறந்து வளர்ந்தது வாலாஜாபாத்தில். வாரத்துக்கு ஒரு முறை வண்ணார் வீட்டு அம்மாள் வந்து மூட்டை கட்டிக்கொண்டு போவாள். உவர்மண், வெள்ளாவி, பாலாற்றங்கரை வெயில் எல்லாம் பட்டுத் துணி திரும்பி வரும். எந்த வீட்டுத் துணி எது என்பதற்குச் சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் ஒரு குறி இருக்கும். துணி கிழிந்தாலும் அந்தக் குறி போகாது. அந்த அம்மாளுக்கு நாங்கள் கொடுத்தது என்ன? வருஷத்துக்குக் கொஞ்சம் நெல்லும், இரவில் மிஞ்சிய சோறும். வாசற்படி தாண்டி அவள் உள்ளே வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவள் மகன் இப்போது இங்கேதான் ஒரு ஆலையில் வேலை பார்க்கிறான்; சென்ற வருஷம் பஸ்ஸில் சந்தித்தோம். "அம்மா கையெல்லாம் வெடித்துப் போயிருக்கும், ஸார்" என்றான். எங்கள் துணி வெள்ளையாயிருந்ததைத் தவிர வேறெதையும் அந்த நாளில் நான் கவனித்ததில்லை.

இது நிற்க. ஐப்பசி மாதம் வந்தது. இங்கே மழைக்காலம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில். ஆறு கிலோ துணியை யந்திரம் நன்றாகப் பிழிந்து கொடுத்தாலும், அதில் சுமார் மூன்று லிட்டர் தண்ணீர் மிஞ்சியிருக்கும். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கொடியிலிருந்து காற்றில் கலந்து, என் பேரேட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நுரையீரலுக்கும் வந்து சேரும். காகிதமெல்லாம் அப்பளம் நமத்தது போல் ஆயிற்று. சுவரில் பச்சையாக ஒன்று படரத் தொடங்கியது. ஜன்னலில் வெளியே காற்றைத் தள்ளும் விசிறி ஒன்று பொருத்தினோம். மேஜைக் கணினிப் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கிச் சுவரில் ஒரு தட்டின்மேல் வைத்தோம். யந்திரத்துக்கென்று தனியாக 16 ஆம்பியர் இணைப்பும், கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் தானாக அணைந்துவிடும் விசையும் போட்டுக்கொண்டோம். ஈரக் கையும் மின்சாரமும் ஒரே அறையில் இருக்கும்போது இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இந்த விசையால்தான் எங்களுக்குள் முதல் பெரிய சண்டை வந்தது.

அன்று தேதி 20. என்னைப் போன்ற கணக்குக்காரனுக்கு மாதத்தில் மற்றத் தேதிகளெல்லாம் தேதிகள். 20-ஆம் தேதி மட்டும் யமன். சென்ற மாதத்து ஜி.எஸ்.டி. மூன்று-பி நமூனாவை அன்று இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். தாயாருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அவளுடைய படுக்கை விரிப்புகளை என் மனைவி வெந்நீரில் துவைக்கப் போட்டாள். வெந்நீர் என்றால் யந்திரத்துக்குள்ளே இருக்கும் 2,000 வாட் கம்பி காய வேண்டும். எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரோ சுண்ணாம்புத் தண்ணீர். கம்பியில் வெள்ளை வெள்ளையாகப் பாறை படிந்து, எங்கேயோ வெடித்துக் கசிவு ஏற்பட்டிருக்கிறது. படாரென்று விசை விழுந்தது. விளக்குப் போயிற்று. இணையம் போயிற்று. மூன்று மணி நேரமாக நான் சேர்த்துச் சேர்த்து நிரப்பியிருந்த எண்களெல்லாம் போயின.

நான் என்னென்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். என் மனைவி கத்தவில்லை. யந்திரத்தின் செருகியைப் பிடுங்கிவிட்டு விசையைத் தூக்கினாள். விளக்கு வந்ததும், "உங்கள் வேலைக்கு மாதத்தில் ஒரு நாள் கெடு. இந்த வேலைக்கு தினம் கெடு" என்று சொல்லிவிட்டு, ஈர விரிப்புகளை வாளியில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டாள். இரவு பதினொன்றே காலுக்கு என் நமூனா போய்ச் சேர்ந்தது. அப்போதும் அவள் கையால் பிழிந்துகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை எலுமிச்சை உப்பைப் போட்டு யந்திரத்தை வெறுமே ஓட்டுகிறோம். சுண்ணாம்பு கரைந்து வந்துவிடுகிறது. ஆனால் அவள் சொன்ன வார்த்தை கரையவில்லை.

கெடு என்றதும் காஞ்சீபுரத்துத் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் ஞாபகம் எனக்கு வந்தது. காஞ்சி இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணந்தான். அவர் கதையைப் பெரிய புராணத்தில் பாடிய சேக்கிழாரின் குன்றத்தூரும் பக்கத்தில்தான் இருக்கிறது. அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பது நாயனாரின் தொண்டு. ஒரு குளிர் நாளில் மெலிந்த கிழவர் ஒருவர் அழுக்குக் கந்தையோடு வருகிறார். பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தந்துவிட வேண்டும் என்கிறார். சம்மதித்து வாங்கித் துவைக்கிறார் நாயனார். மழை பிடித்துக்கொள்கிறது, விடவே இல்லை. பொழுது போகிறது. குளிரில் நடுங்கும் அடியாருக்குக் கொடுத்த வாக்குத் தவறியதே என்று துவைக்கும் கல்லில் தம் தலையை மோதிக்கொள்ளப் போகிறார். அந்தக் கல்லிலிருந்து ஒரு கை நீண்டு அவரைத் தடுக்கிறது. சிறு வயதில் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்தக் கை. இப்போது படித்தால் மழையும் பொழுதும்தான் கண்ணில் நிற்கின்றன. துணி உலராததற்காக ஒரு மனிதர் உயிரையே விடத் துணிந்தாரே! நமூனா தாமதமானால் எனக்கு அபராதந்தான்.

சென்ற தை மாதத்தில் என் மனைவிக்கு வேலை கிடைத்தது. பழைய சிநேகிதி ஒருத்தி மூலமாக வந்த வேலை. உதிரி பாகங்களின் தரப் பரிசோதனைக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்து அனுப்ப வேண்டும், காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரையில், வீட்டிலிருந்தபடியே. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. சந்தோஷ மிகுதியில், "சமையலறை மேடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ளேன்" என்று தாராளமாகச் சொன்னேன்.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. நாலாம் நாள் அவள் கேட்டாள்: "நீங்கள் ஆலைக்குப் போகிற நான்கு நாளும் அந்த மேஜை யாருடையது?"

"உன்னுடையதுதான். இதில் என்ன சந்தேகம்?"

"வீட்டிலிருக்கிற இரண்டு நாளும்?"

"அது வந்து... எனக்கு உத்தியோக விஷயம்..."

"எனக்கு?"

தாயார் கூடத்திலிருந்து, "ஏண்டா, கொல்லைப்புறத்துக்கா இவ்வளவு சண்டை?" என்றாள். தாயார் அறையில் எப்போதாவது வந்து உட்காருவதுண்டு. யந்திரம் வாங்கிய புதிதில் அதன் கண்ணாடிக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டுத் துணி சுழல்வதைக் கடைசி வரையில் பார்த்தவள் அவள். ஸ்வீடன் தேசத்து ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-ல் செய்த ஒரு பிரசங்கத்தில், தம் பாட்டியும் இப்படியே உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அறுபது வருஷம் கல்லில் அடித்துத் துவைத்த கைகளைக் கட்டிக்கொண்டு என் தாயார் அன்று பார்த்ததை நான் வேடிக்கை என்று நினைத்தேன். அன்றைக்கு அவள் மருமகள் பக்கமாகத் திரும்பி, "நீ உட்காரு. இவன் எங்கேயாவது உட்காருவான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்பீல் கிடையாது.

அதன்படி, நான் வீட்டிலிருக்கும் நாட்களில் ஒன்பது மணி முதல் ஒரு மணி வரையில் மேஜை அவளுடையது, துணி என்னுடையது. மாடிப்படியில் உட்கார்ந்து டெலிபோன் பேச்சுகளை முடித்துக்கொள்கிறேன்; எழுத்து வேலை ஒரு மணிக்குப் பிறகு. அவள் பரிசோதனைக் குறிப்புகளில் ஆழ்ந்திருக்கும்போது யந்திரம் இரையக் கூடாது என்று அவள் கேட்கவில்லை. ஆனால் நான் இரைந்த காலத்தை நினைத்து, துணியைக் காலை ஆறு மணிக்கே போட்டுவிடுகிறேன்.

முதல் வாரத்திலேயே ஒரு புதுச் சிவப்புத் துண்டை மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளோடு சேர்த்துப் போட்டேன். எல்லாம் ரோஜா வர்ணமாக வெளிவந்தன. மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வந்து, "யார் துவைத்தது என்று டீச்சர் கேட்டார்கள். அப்பா என்றேன். வகுப்பில் எல்லாரும் கை தட்டினார்கள்" என்றாள். அந்தக் கைதட்டலில் பாராட்டு எவ்வளவு, பரிகாசம் எவ்வளவு என்பதை என்னால் இன்னும் பிரித்தறிய முடியவில்லை. இவ்வளவு வருஷமாகச் சட்டைகள் வெள்ளையாகவே போய் வந்துகொண்டிருந்தனவே, அப்போது ஒருவரும் கை தட்டவில்லை.

இதை எழுதும்போது இரவு மணி பத்து. வெளியே மழை. தலைக்கு மேலே நான்கு கம்பிகளும் நிறைந்திருக்கின்றன. தாளில் இரண்டு இடத்தில் மை கலைந்திருந்தால் அது என் தவறல்ல. மகளுக்கு நாளைக் காலையில் பரீட்சை. அவளுடைய வெள்ளைச் சட்டையில் இடது கை மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது. மின்விசிறியை அதன் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். எனக்குப் புழுக்கமாகத்தான் இருக்கிறது.